டெல்ப்டில் பிறந்தவர்கள்

அடைக்கலநாதனின் கடவுச்சீட்டை வாங்கிய விமான நிலைய அதிகாரி அதையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு பக்கத்துக் கூட்டில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளும் எட்டிப் பார்த்தாள். பின்னால் நின்ற அவர் மனைவி அருமைநாயகி தன் கடவுச்சீட்டையும் விரித்துத் தயாராகப் பிடித்தாள். வருடக்கணக்காகச் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று பழகிய உடம்பு அது. ஒருவன் இன்னொருவரைக் கூப்பிட்டுக் கடுதாசியைக் காட்டினால் அது நல்லதுக்கில்லை என்று அதற்குத் தெரியும்.

“நீங்கள் டெல்ப்டில் பிறந்தவரா?” என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டான்.

“யெஸ் சேர். டெல்ப்ட்” என்றார் அடைக்கலநாதன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தான். “அப்படியென்றால் சொந்த ஊருக்கு வந்திருக்கிறீர்கள்” என்று சொல்லி முத்திரையைக் குத்தி நீட்டினான்.

வெளியே காத்துநின்ற மகள் லவீனாதான் விஷயத்தை விளங்கப்படுத்தினாள். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் கிடக்கும் நெடுந்தீவுக்கு, டச்சுக்காரரான ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரை வைத்தார்கள். பக்கத்துத் தீவுகளுக்கும் அப்படித்தான் வைத்தார்கள். அந்தப் பெயர்களெல்லாம் உதிர்ந்துபோயின. நெடுந்தீவு மட்டும் அரசாங்கக் கடுதாசிகளில் இன்றைக்கும் டெல்ப்ட்தான். அந்த மூல டெல்ப்ட், லவீனா குடியிருக்கும் டென் ஹாக் நகரத்திலிருந்து ட்ராமில் அரைமணித்தியாலத் தூரம்.

“அப்பிடியெண்டா ஒருக்காப் பாக்கத்தான் வேணும்” என்றார் அடைக்கலநாதன். “எங்கடை பேரை வைச்சிருக்கிறவங்கள் எப்பிடி இருக்கிறாங்கள் எண்டு.”

“அவையின்ரை பேரைத்தானப்பா நாங்கள் வைச்சிருக்கிறம்” என்றாள் மகள்.

“ரெண்டும் ஒண்டுதான்.”

அருமைநாயகி நெடுந்தீவில் பிறந்தவள் அல்ல. குருநகர்ப் பெண். மருத்துவிச்சிப் பயிற்சி முடித்து இருபத்துநாலு வயதில் முதல் நியமனம் கிடைத்தபோது கடிதத்தில் நெடுந்தீவு என்று இருந்தது. ஒருவரும் விரும்பிப் போகாத இடம். “ஆறு மாதம் இருந்துபோட்டு மாற்றம் எடுத்துக்கொண்டு வா, பிள்ளை” என்று தகப்பன் சொல்லி அனுப்பினார். கடலோரத்தில் பிறந்தும் அவள் வள்ளத்தில் ஏறியது அதுவே முதல்தடவை. நீரோட்டங்கள் மோதும் ஏழாற்றுப் பிரிவில் அலை தூக்கிப் போட, குடல் வெளியே வருமளவுக்குச் சத்தி எடுத்தாள். சுக்கானைப் பிடித்திருந்த இளைஞன் ஒரு கையால் தேசிக்காய் ஒன்றை எறிந்தான். “அதை மணந்துகொண்டு தூரத்திலை பாருங்கோ. கிட்டத் தண்ணியைப் பாக்காதேங்கோ” என்றான். அந்தப் பயணம் முழுவதும் அவன் கதைத்தது அவ்வளவுதான். இரண்டு வருடங்களில் அந்த அடைக்கலநாதனையே அவள் கலியாணம் முடித்தாள். மாற்றம் கேட்டு எழுதவில்லை. முப்பத்தைந்து வருடம் அந்தத் தீவிலேயே வேலை செய்து ஓய்வுபெற்றாள்.

பவளக்கல் வேலிகளுக்கு நடுவே சைக்கிளில் போவாள். காற்றுக்காலத்தில் சைக்கிள் ஓடாது, உருட்டிக்கொண்டு போவாள். எந்தத் தாயை வீட்டிலேயே பார்க்கலாம், எந்தத் தாயைக் கடல் தாண்டி யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று அவள்தான் முடிவெடுக்கவேண்டும். டொக்டர் இருந்த காலமும் உண்டு. இல்லாத வருடங்களே அதிகம். அனுப்பவேண்டும் என்று அவள் சொன்னால் அடைக்கலநாதன் ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார். எஞ்சினை இழுத்து விடுவார்.

இதெல்லாம் லவீனாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவளுக்கு அது வேறு மாதிரித்தான் ஞாபகம். முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை நாளில், வெள்ளை உடுப்போடு கோவில் வாசலில் நின்று அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வரவில்லை. தீவின் மேற்குப் பக்கத்தில் யாருக்கோ பிள்ளைப்பேற்று நோவு கண்டுவிட்டது. “அம்மா எப்பவும் ஆற்றையோ பிள்ளைக்காக ஓடினவா” என்று லவீனா இப்போதும் சொல்வாள், சிரித்துக்கொண்டுதான். அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருப்பது அருமைநாயகிக்குத் தெரியும்.  

யூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. லவீனாவுக்கும் மருமகனுக்கும் வேலை. இடியப்பமும் சம்பலும் பொரித்த மீனும் பெட்டியில் கட்டிக்கொடுத்து, மகள் இருவரையும் ட்ராமில் ஏற்றிவிட்டாள். “நாலரைக்கு இதே இடத்திலை நிப்பன். துலைஞ்சுபோகாதேங்கோ.”

“முப்பது வருசம் கடல்லை திசை பிடிச்சனான்” என்றார் அடைக்கலநாதன். “ரெண்டு தெருவிலை துலையவோ?”

டெல்ப்டில் இறங்கியதும் முதல் வேலையாக ஊர்ப்பெயர் எழுதிய பலகை ஒன்றைத் தேடிப் பிடித்தார். சேட்டுக் கொலரைச் சரிசெய்துகொண்டு அதற்குப் பக்கத்தில் நின்றார். அருமைநாயகி கைபேசியில் படம் எடுத்தாள். “பேர் முழுக்க விழுந்ததோ?” என்று மூன்றுதரம் கேட்டார்.

அழகான நகரம்தான். தெருவுக்கு நடுவே தெருவைப்போலவே நேராக ஓடும் கால்வாய்கள். அவற்றின்மேல் முதுகு வளைந்த சின்னச் சின்னக் கற்பாலங்கள். இரண்டு கரையிலும் ஒடுங்கி உயர்ந்த செங்கல் வீடுகள், தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றன. பாலக் கம்பிகளில் நூற்றுக்கணக்கில் சைக்கிள்கள். தண்ணீரில் அல்லி இலைகளுக்கிடையே தாராக்குஞ்சுகள். ஒரு பழைய தேவாலயத்தின் கோபுரம் சாய்ந்து நிற்பதைக் கண்டு அருமைநாயகி அரண்டுபோய்த் தெருவின் மறுபக்கத்துக்கு மாறினாள். நூற்றாண்டுகளாக அப்படித்தான் நிற்கிறது என்று லவீனா முன்பே சொல்லியிருந்தாலும், கண்ணால் பார்க்கும்போது கால் நம்பவில்லை. கடைக் கண்ணாடிகளுக்குள் நீலப்பூப் போட்ட வெள்ளைப் பீங்கான்கள் அடுக்கியிருந்தன. அவள் ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள்.

அடைக்கலநாதன் பார்த்தது தண்ணீரை. ஒரு பாலத்தில் கையூன்றிக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

“இஞ்சாரும், இந்தத் தண்ணிக்கு ஒரு வேலையுமில்லை” என்றார். “வத்தும் இல்லை, பெருக்கும் இல்லை. சும்மா படுத்துக் கிடக்குது.”

“எல்லாத் தண்ணியும் உங்கடை கடல் மாதிரித் துள்ளவேணுமோ?”

“அதில்லையப்பா. மனிசர் வெட்டி, கரை கட்டி, சொன்ன இடத்திலை கிட எண்டு வைச்சிருக்கிறாங்கள். கெட்டிக்காரர்தான்.” அவர் வாயால் ஒருவரைக் கெட்டிக்காரர் என்று சொல்வது அபூர்வம். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்தச் சொல் அவள் பக்கம் வந்ததாக அருமைநாயகிக்கு நினைவில்லை. குழம்பு நன்றாயிருந்தால் இன்னொருதரம் கோப்பையை நீட்டுவார். அதுதான் அவருடைய பாராட்டு.

கால்வாய்க் கரையில் கிடந்த மரவாங்கில் அமர்ந்து இடியப்பம் சாப்பிட்டார்கள். பிறகு சுற்றுலா வள்ளம் ஒன்றில் ஏறினார்கள். மேல்மூடி இல்லாத தட்டையான வள்ளம். இருபது பேர் வரை இருந்தார்கள். வள்ளத்தை ஓட்டியவள் ஓர் இளம்பெண். சன்னா என்று தன் பெயரைச் சொன்னாள். ஒலிவாங்கியில் முதலில் டச்சு மொழியிலும் பிறகு ஆங்கிலத்திலும் கதைத்தாள். அவள் பாலத்துக்குக் கீழே வள்ளத்தை இரண்டு கரையிலும் முட்டாமல் நுழைத்ததைப் பார்த்து அடைக்கலநாதன் தலையை ஆட்டினார்.

ஒரு பெரிய கட்டடத்தைக் காட்டி அவள் டச்சில் ஏதோ சொன்னாள். அதற்குள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் துள்ளினார். “கந்தோர் எண்டவள்! கேட்டனீரோ? கந்தோர்!”

உண்மைதான். ஊரில் அலுவலகத்தைக் கந்தோர் என்றுதான் இன்னமும் சொல்கிறார்கள். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அருமைநாயகிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் போட்ட சத்தத்துக்கு முன்வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சன்னாவும் சிரித்துக்கொண்டே, “ஐயா, நீங்கள் எந்த ஊர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“டெல்ப்ட்” என்றார் அவர்.

வள்ளம் முழுக்கச் சிரித்தது. பகிடி விடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். அடைக்கலநாதன் சிரிக்கவில்லை. சேட்டுப் பையிலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய கடவுச்சீட்டை எடுத்தார். வீட்டில் வைத்துவிட்டு வரும்படி மகள் சொல்லியும் கேளாதவர். அடையாளக் கடுதாசி இல்லாமல் படலை தாண்டிப் பழக்கமில்லை. பக்கத்தைப் பிரித்துச் சன்னாவிடம் நீட்டினார். அவள் வள்ளத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். பிறந்த இடம் டெல்ப்ட் என்று ஒலிவாங்கியில் உரக்க வாசித்தாள். சிரிப்பு நின்றது. இப்படி ஓர் ஊர் கடலுக்கு அப்பால் இருப்பது தனக்குத் தெரியாது என்று அவள் ஒப்புக்கொண்டாள். எங்கே அந்த ஊர், எவ்வளவு பெரியது, அங்கேயும் கால்வாய் இருக்கிறதா என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். அடைக்கலநாதன் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். கால்வாய் இல்லை. நாலு பக்கமும் கடல். குதிரை உண்டு. ஒல்லாந்தர் விட்டுப்போன குதிரை என்பார்கள், இப்போது காட்டுக்குதிரை.

“நீங்களும் டெல்ப்டில் பிறந்தவரா, அம்மா?” என்று சன்னா அருமைநாயகியைக் கேட்டாள்.

“இல்லை” என்று அவள் சொல்வதற்குள் அடைக்கலநாதன் எழுந்துவிட்டார். ஆடும் வள்ளத்தில் எழுந்து நிற்பது அவருக்கு வீட்டுக்குள் நிற்பது மாதிரி. அந்தத் தட்டை வள்ளம் ஆடவும் இல்லை.

“மை வைஃப்,” என்றார். ஒரு கணம் சொல் தேடினார். “மை வைஃப், மிட்வைஃப். டெல்ப்ட் பீப்பிள், போர் ஹன்ட்ரட் செவன்ரீன், ஷீ கச்.” இரண்டு கைகளையும் நீட்டி, வழுக்கும் பச்சைப்பிள்ளை ஒன்றை ஏந்துவதுபோல் காட்டினார். “திஸ் ஹான்ட். நைன்ரீன் எய்ற்றி செவன் அப் ரு ரிட்டயர். ஓல் மை ஐலன்ட், திஸ் ஹான்ட்.”

சொல்லிவிட்டு இருந்தார். முகம் சிவந்திருந்தது.

யாரோ கைதட்டத் தொடங்க மற்றவர்களும் தட்டினார்கள். அருமைநாயகி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். வெட்கமா, வேறு ஏதுமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஓய்வுபெற்ற நாளில் சால்வை போர்த்தி, கேக் வெட்டிப் பேச்செல்லாம் பேசினார்கள். அப்போது நெஞ்சு இப்படி நிறையவில்லை. இந்த மனிசன், ஒரு நல்ல வார்த்தைக்குக் கஞ்சத்தனம் பிடிக்கிற மனிசன், முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவே எழும்பி நின்று சொல்லிவிட்டதே.

“நானூற்றுப் பதினெட்டு” என்று மெல்ல அவர் காதில் சொன்னாள்.

“பதினேழு” என்றார் அவர், திரும்பாமலே.

முன்வாங்கில் இருந்த வயதான பெண் ஒருத்தி அப்போது எழுந்து வந்து அருமைநாயகிக்குப் பக்கத்தில் இருந்தாள். எண்பது வயது இருக்கும். கட்டையாக வெட்டிய வெள்ளை முடி, பெரிய கைகள். கோரி என்று பெயரைச் சொன்னாள். தானும் இதே நகரத்தில் மருத்துவிச்சியாக இருந்தவள் என்றாள். இந்த நாட்டில் கனபேர் வீட்டிலேயே பிள்ளை பெறுவார்கள், தான் சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்த்தவள் என்றாள்.

“சைக்கிளா?” என்றாள் அருமைநாயகி. “நானும்தான்.”

அதற்குப்பிறகு இரண்டு பேரும் நகரத்தைப் பார்க்கவில்லை. சன்னா பழைய நகரவாசல் ஒன்றின் இரட்டைக் கோபுரங்களைக் காட்டினாள். எல்லோரும் படம் எடுத்தார்கள். இவர்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு கதைத்தார்கள். தலை வந்து தோள் மாட்டிக்கொண்டால் நீ என்ன செய்வாய் என்று கோரி கேட்டாள். அருமைநாயகி கையால் காட்டினாள். கோரி தலையை ஆட்டிவிட்டுத் தன் கையால் காட்டினாள். கிட்டத்தட்ட அதே அசைவு. ஆங்கிலச் சொல் முட்டுப்பட்ட இடத்திலெல்லாம் கை கதைத்தது.

“எல்லாவற்றிலும் கஷ்டமான பிரசவம் எது?” என்று கோரி கேட்டாள்.

அருமைநாயகி யோசிக்கவேண்டியிருக்கவில்லை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, கடலைக் கிளப்பும் சோளகக் காற்று. தாயை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் வழியில், நடுக்கடலில், பிள்ளை காத்திருக்கவில்லை. “இவர்தான் வள்ளம் ஓட்டினவர்” என்று அடைக்கலநாதனைக் காட்டினாள். “எஞ்சினைக் குறைத்து, அலைக்கு முகம் கொடுத்து, முக்கால் மணித்தியாலம் வள்ளத்தை அசையாமல் பிடித்துவைத்திருந்தார். ஒரு அலையைப் பக்கவாட்டில் விட்டிருந்தால் நான் தாயையும் பிள்ளையையும் தவறவிட்டிருப்பேன். அந்தப் பிள்ளை ஆரணி இப்போது தீவிலேயே ரீச்சர்.”

கோரி அடைக்கலநாதனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேளாதவர்போல் பாலத்தின் அடிக்கற்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பிறகு கோரி குரலைத் தாழ்த்தி, ஒரு மருத்துவிச்சி இன்னொரு மருத்துவிச்சியிடம் மட்டுமே கேட்கக்கூடியதைக் கேட்டாள். “எத்தனை தாய்மாரை இழந்தாய்?”

“ஒருத்தி” என்றாள் அருமைநாயகி. “குணலட்சுமி. இருபத்திரண்டு வயது. புயல் நாள். ஒரு வள்ளமும் கடலில் இறங்க ஏலாது. பகல் முழுக்க அவளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தப்பிவிட்டது.”

“எனக்கு இரண்டு பேர்” என்றாள் கோரி. “பெயர்கள் மறக்கவில்லை.”

தன் பெரிய கையை அருமைநாயகியின் கைமேல் வைத்தாள். வள்ளம் இரண்டு பாலங்களைக் கடக்கும்வரை எடுக்கவில்லை.

கரைக்கு வந்ததும் கோரி அவர்களை விடவில்லை. சந்தைச் சதுக்கத்தில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கோப்பியும் அப்பிள் கேக்கும் வாங்கிக்கொடுத்தாள். தெருவில் போன நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அவளைக் கண்டு சைக்கிளிலிருந்து இறங்கி வந்து கன்னத்தில் முத்தமிட்டுப் போனார். “நான் ஏந்தினவன்” என்றாள் கோரி. “ஒன்பது இறாத்தல். தாயை என்ன பாடு படுத்தினான்!” அருமைநாயகி சிரித்தாள். நெடுந்தீவுத் தெருவிலும் இப்படித்தான். மீசை வைத்த பெடியள் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, “அம்மா, ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்” என்பார்கள். ஒவ்வொருத்தனும் பிறக்கும்போது தலையால் வந்தவனா, காலால் வந்தவனா என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பும் ட்ராமில் ஏறி இருந்ததும் அவள் கேட்டாள்.

“நானூற்றுப் பதினேழு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? நான் ஒருநாளும் சொல்லேல்லையே.”

“கலியாணத்துக்கு முந்தி வள்ளத்திலை, பிறகு வீட்டை வந்து, ஒவ்வொருக்காலும் பெடியனோ பெட்டையோ எண்டு சொன்னனீர்தானே. நான் எண்ணிக்கொண்டு வந்தனான்.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். முப்பத்தைந்து வருடம்! களைத்து விழுந்து வந்து, கால் கழுவும்போது அவள் சொன்ன ஒற்றைச் சொல்லை இவர் ஒன்றும் பேசாமல் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார்.

“சரி. ஆனால் பிழையா எண்ணியிருக்கிறியள். பதினெட்டு.”

“நீர் ஆரணியைச் சேர்க்கிறீர். அவள் டெல்ப்டிலை பிறக்கேல்லை. கடல்லை பிறந்தவள்.”

“வள்ளம் எங்கையிருந்து வெளிக்கிட்டது? பிறப்புப் பதியிறவர் எந்த ஊர் எண்டு எழுதிறது எண்டு தலையைச் சொறிஞ்சுகொண்டு இருந்தார். நான்தான் நெடுந்தீவு எண்டு எழுதுங்கோ எண்டு சொல்லி எழுதுவிச்சனான்.”

“கடுதாசியிலை எழுதினாப்போலை?”

“அப்ப உங்கடை பாஸ்போட் என்ன? அதுவும் கடுதாசிதானே. அதைக் காட்டித்தானே இண்டைக்கு வள்ளத்திலை எழும்பி நிண்டனீங்கள்?”

 அடைக்கலநாதன் யன்னல் பக்கம் திரும்பினார். “இருந்தாலும் கடல் கடல்தான்” என்றார்.

நாலரைக்கு லவீனா சொன்ன இடத்தில் நின்றாள். இராச்சாப்பாட்டின்போது தகப்பன் கதை முழுவதையும் சொன்னார். கந்தோரில் தொடங்கி அப்பிள் கேக் வரை. லவீனா சிரித்துச் சிரித்துக் கேட்டாள். குணலட்சுமியின் பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது.

“எந்த வருசமம்மா அது?”

அருமைநாயகி சொன்னாள்.

“நான் முதல்நன்மை எடுத்த வருசம்.”

“ஓம். அவள் செத்து ரெண்டு கிழமையிலைதான் உன்ரை முதல்நன்மை. அதுக்குப் பிறகு ஆருக்கு நோவெண்டாலும் என்னாலை ஒரு நிமிசம் இருக்கேலாமல் போச்சு, பிள்ளை. உன்னைக் கோவில் வாசல்லை காக்கவிட்டிட்டு ஓடினது எனக்கும் சுகமாயில்லை.”

“ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?”

“உனக்கு எட்டு வயசு. பிறகு நீ கேக்கேல்லை.”

 லவீனா எழுந்துபோய்த் தாயின் கோப்பையைத் தானே எடுத்துக் கழுவினாள். துடைத்து வைத்துவிட்டு வந்து, தாயின் வலக்கையை எடுத்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

அடுத்தநாட் காலை அருமைநாயகி எழும்பி வந்தபோது, லவீனா குசினியில் யாரோ வேலையிடத்துத் தோழியோடு கைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் டச்சு. அருமைநாயகிக்குப் பிடிபட்டது இரண்டே இரண்டு சொற்கள்தான். ஒன்று டெல்ப்ட். மற்றது மூடர். இந்த மொழியில் அம்மாவை அப்படித்தான் சொல்வார்கள் என்று வந்த கிழமையே மகள் சொல்லி, வீடே விழுந்து விழுந்து சிரித்திருந்தது. “மைன் மூடர், மைன் மூடர்” என்று லவீனா திரும்பத் திரும்பச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளையாக வந்த நாட்களில் கேட்ட குரல் அது.

தாயைக் கண்டதும் கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். “அம்மா, பதினேழோ, பதினெட்டோ?”

“பதினெட்டு” என்றாள் அருமைநாயகி.

“பதினேழு!” என்று அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

லவீனா சிரித்துக்கொண்டு கைபேசியில் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னாள். டச்சில் சொன்னபடியால் எது என்று இருவருக்கும் விளங்கவில்லை.